வேலியோரத்து உப்பு

நாரா நகரத்து முராசே, தம் தந்தையார் நட்ட பைன் மரத்தைத் தெருத் தோட்டப் போட்டிக்கு நிறுத்தியிருந்தார். இன்னும் இரண்டு மாதத்தில், ஒரு ஞாயிறன்று நடுவர்கள் வருவார்கள். அதற்குள் அடுத்த வீட்டுக் களைகளை ஒழித்துவிட வேண்டும் என்பதே அவர் கவலை.

"தோகுரா சான், அந்தக் களையைக் கொஞ்சம் பிடுங்கக் கூடாதா?"

"அதுவும் பச்சைதானே, முராசே சான்!" என்று சிரித்தார், அண்மையில் கணவரை இழந்த தோகுரா அம்மையார்.

ஆகவே, இரண்டு மாதங்களாக நாள்தோறும் விடியற்காலையில் வேலிக்கு அப்பால் உப்பை அள்ளித் தூவினார் முராசே. களை வாடவில்லை, அவருடைய பைன் மரந்தான் மஞ்சளித்தது. களையின் நஞ்சே காரணம் என்று துணிந்து, உப்பை இரட்டித்தார். போட்டிக்கு முந்திய சனிக்கிழமை காலையில் மரம் மொட்டையாக நின்றது.

முராசே அம்மையார் வீட்டு வாசலுக்கு ஓடினார். "உங்க களை என் மரத்தையே கொன்னுடுச்சு!"

அம்மையார் குனிந்து வணங்கினார்.

"கோபப்படாதீங்க. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுச் சாவுத் தீட்டு போகணும்னு தினமும் உப்புத் தூவுனீங்களே! ஜன்னல்லேர்ந்து பார்த்து அழுதுட்டேன்."

முராசே வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காட்டி மரியாதையா? அதான் நீங்க வேலைக்குப் போனதும் அவ்வளவு உப்பையும் கூட்டி அள்ளி, என் பங்கையும் சேர்த்து, உங்க மரத்தடியில கொட்டித் தண்ணியும் ஊத்தினேன்."

முராசே மும்முறை குனிந்து நன்றி கூறினார்.