கனமான பெட்டி

கடையில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் இரண்டு பவர் சப்ளை பெட்டிகளையும் கைக்கு ஒன்றாக ஏந்திப் பார்த்து, கனமாக இருந்ததையே செல்வின் வாங்கினார். விலையும் அதற்குத்தான் குறைவு. கனமான சாமான் ஏமாற்றாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தேங்காயையும் அப்படித்தான் வாங்குவார். மூன்றாம் மாதமே கம்ப்யூட்டர் புகைந்து அணைந்தது. ரிப்பேர் கடை அருளப்பன் அந்தப் பெட்டியைப் பிரித்தான். கருகிய வாடைக்கு நடுவே ஒரு சிமெண்ட் கட்டி ஒட்டியிருந்தது.

"கனத்துக்காக வச்சிருக்கான், அண்ணாச்சி. மத்தபடி உள்ள சரக்கே இல்ல. போற போக்குல ஹார்டு டிஸ்க்கையும் கொன்னுட்டு."

"அதுலதான்டே ஹெப்சி குரல் இருக்கு. தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால அவ பேசிப் பதிஞ்சது."

"வேற காப்பி இருக்கா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, செல்வின் அந்தக் கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேச்சு போன மனைவி ஹெப்சி பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் அவள் குரலில் பேசும். 'ஏங்க, இங்க வாங்க' என்பதைக் கோபமாக ஒரு முறையும் சிரித்துக்கொண்டு ஒரு முறையும் பதிந்து வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி, கட்டியை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி, கனம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அவர் மாடியில் துணி காயப்போடும்போது, கீழே அந்தக் கட்டியால் தரையை இடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. அவள்தான் கூப்பிடுகிறாள். ஈரத்துணியைப் பிடித்தபடி செல்வின் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கோபமாகக் கூப்பிடுகிறாளா, சிரித்துக்கொண்டு கூப்பிடுகிறாளா?