இடது, வலது

“இடது! வலது! இட... அதெரிட்டோ, குடிச்சுட்டா தொட்டிக்குள்ள இறங்கின?”

லுசிந்தா கல்தொட்டியின் விளிம்பில் நின்று, கைக்கம்பால் அதை ஓங்கித் தட்டினாள். தொட்டிக்குள் தொடை வரை, ஒயினுக்காக மிதிபடும் திராட்சைச் சாறு. அதற்குள் தோளில் கைகோத்து நின்ற வரிசை, அவள் சொல்லுக்கு ஒன்றாகக் கால் தூக்கி மிதிக்க வேண்டும். வலதில் எல்லாம் சரி. இடது வந்தால் அதெரிட்டோ நின்ற பக்கம் பின்தங்கியது.

“குடிக்கல கண்ணு. இடது எந்தப் பக்கம்னு கால் கேக்குது,” என்றான் அவன். வரிசை சிரித்தது.

ஐந்து தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் தாளம் சொன்னவர்கள் ஆண்கள்தான். போன ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா அபிலியோ ஊரார் முன்னால் சொல்லிவிட்டார்: “இந்த வருஷம் என் மக சொல்லுவா. வரிசை கலைஞ்சா, அடுத்த வருஷம் என் தம்பி மகன்.”

வசந்த காலத்தில் படுக்கையில் விழுந்து எழுந்தவர் அவர். தாளத்தைத்தான் விட்டுக்கொடுத்தார், மிதியை விடவில்லை. வைத்தியர் தடுத்தும் கேளாமல் நடு வரிசையில், அதெரிட்டோவின் தோளைப் பிடித்து நின்றார்.

“இடது! வலது!”

இப்போது அப்பாவுக்கு மறுபக்கம் நின்ற ரொஜேரியோவும் பிந்தினான். அடுத்த சுற்றில் அவனுக்கு அடுத்தவள். தன்னை வேண்டுமென்றே கேலி செய்கிறார்கள் என்று லுசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அக்கா, எங்க ஆட்டு மந்தை இதைவிட ஒழுங்கா நடக்கும்!” என்றான் வாசலில் சாய்ந்திருந்த சித்தப்பா மகன் பாவுலினோ.

‘ஆண்டவரே, பொறுமையைக் கொடும்’ என்று சிலுவை போட்டுக்கொண்டு, இன்னும் வேகமாக, இன்னும் உரக்கச் சொன்னாள். வரிசை இன்னும் மோசமானது.

“எதுக்கும்மா கத்துற? நல்லாத்தானே போகுது!” என்றார் அப்பா. அவர் ஒருவர் முகத்தில்தான் சந்தோஷம்.

“அதெரிட்டோ, மேல ஏறு. இன்னிக்கு நீ மிதிச்சது போதும்.”

சிரிப்பு அடங்கியது. அதெரிட்டோ அப்பாவைச் சுற்றியிருந்த கையை எடுக்கவில்லை. “மன்னிச்சுக்கோ கண்ணு. நான் ஏறமாட்டேன்.”

அதுவரை தாளம் சொல்பவரை எதிர்த்துப் பேசியவர் அந்தத் தொட்டியில் யாருமில்லை. லுசிந்தாவுக்குக் கண்ணீர் முட்டியது. கம்பைக் கீழே போடப் போனாள்.

வரிசைக் கடைசியில், அவள் காலடியில் நின்ற சுல்மிரா அத்தை பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தாள். லுசிந்தா குனிந்தாள். அத்தை அவள் காதுக்குள் சொன்னாள்:

“உங்கப்பாவுக்கு இடது கால் தூக்க நேரமாகுது கண்ணு. கொஞ்சம் மெதுவாச் சொல்லு.”