யாரும் மொழிபெயர்க்காத வரி

ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்தில் தேவானைக்கு என்ன வேலை என்றால், கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் ஓடும் சின்னச் சின்ன மென்பொருள்களில் தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது. அன்று, ஒரு கோப்பில் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லும் மென்பொருளைச் சோதித்தாள். வேண்டுமென்றே இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்தாள்.

"இன்னாத்த தேடுற? அது இங்க இல்ல" என்று பதில் வந்தது. நடுவில் இரண்டு எழுத்துகள் வெறும் கட்டங்களாக உடைந்திருந்தன.

பக்கத்து சீட் ராகேஷின் வேலைதான் என்று அவளுக்குப் பட்டது. பதில் அப்படியே அவன் பேசுவதுபோல இருந்தது. அவனிடமே கேட்டாள்.

"உன் மெஷின்ல நான் எதுக்கு கை வெக்கப் போறேன்? காலைலேர்ந்து மீட்டிங்ல கீறேன்" என்றான் அவன்.

அவள் நம்பவில்லை. தன் கணினியின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அதே கட்டளையைத் தட்டிப் பார்த்தாள். அதே பதில்தான்.

வழக்கம்போல் பிழையைப் பதிவு செய்தாள். எழுத்து உடைகிறது, பேச்சு மரியாதையாக இல்லை, 'கோப்பு கிடைக்கவில்லை' என்று வர வேண்டும். கடைசியில் 'ராகேஷ் மீது சந்தேகம்' என்று தட்டியவள், வேண்டாமென்று அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

மாலையில் மென்பொருளை உருவாக்கியவர்கள் பதில் போட்டிருந்தார்கள். "நன்றி. ஆனால் இதில் ஆங்கிலம் மட்டும்தான் உண்டு. தமிழில் இதுவரை யாரும் மொழிபெயர்க்கவில்லை."

தேவானை அதே கட்டளையை மறுபடி தட்டினாள்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்று வந்தது. ஓர் எழுத்துகூட உடையவில்லை. கீழே இன்னொரு வரி இருந்தது.

"ராகேஷ் மீது சந்தேகம் வேண்டாம்."