கிரீடத்து இறகு

நாடகம் தொடங்கும் நேரம். ராஜா வேடம் கட்டியவர் ஒப்பனை அறையில் முறைத்துக்கொண்டு நின்றார்.

"மந்திரி தொப்பியில இருக்கிற இறகு என் கிரீடத்து இறகைவிடப் பெருசா இருக்கே, அக்கா! நான் ராஜாவா, அவன் ராஜாவா?"

உடை தைக்கும் அக்கா, வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "அதுக்கென்ன, ஒரு முழம் கூட்டிட்டாப் போச்சு."

எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறவள், இன்று நீளமான வெள்ளை இறகைத் தயாராகவே வைத்திருந்தாள். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"வீட்டுலதான் இந்த மரியாதை இல்லக்கா. என் பொண்டாட்டியை அவ அண்ணன் முன்னாடி நாலு வார்த்தை சொல்லிட்டேன். தப்புதான். அதுக்காக மன்னிப்பு கேட்கணுமாம்! இந்தத் தலை யாருக்கும் குனியாது."

"தலையை ஆட்டாதீங்க, ஊசி குத்திடும்" என்றாள் அக்கா.

மூன்றாம் காட்சி. ராணியின் அந்தப்புர வாசலுக்கு ராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். இறகு வாசல் நிலையின் மேல்கட்டையில் இடித்தது. கிரீடம் ஆடியது. பின்வாங்கி மறுபடி வந்தார், மறுபடியும் இடித்தது. கூட்டம் சிரிக்கத் தொடங்கவே, வேறு வழியில்லாமல் இடுப்புவரை குனிந்து நுழைந்து, ராணியின் முன்னால் போய் நின்றார்.

"காலையில வீட்டுலயே இப்படிக் குனிஞ்சிருந்தா, நான் அக்காகிட்டப் போய் இறகைக் கேட்டிருக்கவே வேணாம்" என்று ராணி உதடசையாமல் முணுமுணுத்தாள். "சரி, மன்னிச்சாச்சு. நிமிருங்க."

ராஜா பல்லைக் கடித்தார். "நாளைக்கே இறகை வெட்டச் சொல்றேன், பாரு!"

"தாராளமா. வாசலைத் தாழ்த்தித் தர்றதா நம்ம மேடைத் தச்சரும் சொல்லியிருக்கார்."