நெடுமாறனின் கார் ஷெட்

"கார் ஷெட்டுக்குப் பின்னால எதுக்கு சார் இன்னொரு ஷட்டர்?"

தஞ்சாவூர் ஆர்க்கிடெக்ட் பிரின்ஸி, பிளானைப் பழைய அம்பாசடரின் பானட் மேல் விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"பழைய வண்டிங்கம்மா. ரிவர்ஸ் போட்டா சண்டித்தனம் பண்ணும். முன்னால நுழைஞ்சா பின்னால வெளியே போயிடணும்" என்றார் நெடுமாறன்.

"பின்னால வாய்க்கால் இருக்கே சார்?"

"பாலம் போட்டுக்கறேன். வண்டிங்க ரெண்டு ஓரமா நிக்கட்டும். நடுவுல நேரா, அகலமா வழி. தூண், படி எதுவும் வேணாம்."

"நடுவுல அந்த ஆஸ்டின் காரை ஒரு மேடை மேல நிறுத்தி லைட் போட்டா பிரமாதமா இருக்கும் சார்."

"நடுவுல ஒண்ணும் நிக்கக் கூடாதும்மா."

காசு இருக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும். பிரின்ஸி மேடையை அழித்தாள்.

நெடுமாறன் பக்கத்துத் தெருவில் பிறந்தவர்தான். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் அறுவடை மெஷின் வாடகைக்கு விட்டு மேலே வந்தார். தாராசுரத்துக்குத் தெற்கே ஊர்ப் பெரிய நிலக்காரர் புகழேந்தியிடம் இந்த இடத்தை வாங்கி, சுற்றி மதில் எழுப்ப ஆரம்பித்ததும் வந்தது வினை.

முதலில் வந்தவள் காளியம்மாள். கணவர் மருதையன் படுத்த படுக்கையாகி மாதக்கணக்காகிறது.

"தம்பி, இந்த வரப்பு மேலதான் நம்ம தெரு சவம் போகும். வாய்க்கால்ல இறங்கி ஏறினாத்தான் சுடுகாடு. நீ மதிலைக் கட்டிட்டா நாங்க எப்படிப்பா போறது?"

"கட்டி முடியட்டும்க்கா."

"உன் மாமா தை வரைக்கும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாரு. உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப கழுத்தளவு தண்ணி. பாடை சரிஞ்சு, அந்த மனுஷன் நனைஞ்சு போய்க் கெடந்தாரே, மறந்துட்டியா? இவரையாவது நனையாம கொண்டுபோய்ச் சேர்க்கணும்ப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நெடுமாறன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, தரை மட்டம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

காளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். பிரின்ஸிக்கே பொறுக்கவில்லை.

"சார், அந்தம்மா கேக்கறது நியாயமாத்தான் இருக்கு. ஓரமா ஒரு வழி விட்டு வரைஞ்சிடட்டுமா?"

"வேணாம். பாதைன்னு ஒரு கோடுகூட பிளான்ல இருக்கக் கூடாது."

இவ்வளவு கல்நெஞ்சா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை, அவளும் பிழைக்க வேண்டுமே.

மறுவாரம் புகழேந்தியே வந்து இறங்கினார். வரப்போகிற பாலம் வாய்க்காலின் அக்கரையில் இறங்க வேண்டிய இடம் அவருடையது; அதை நெடுமாறன் விலைக்குக் கேட்டிருந்தார்.

"அந்தத் துண்டு எதுக்குப்பா உனக்கு? சுடுகாட்டு ஓரம்."

"கார் திரும்பணுங்க. வேற ஒண்ணுமில்ல."

"காருக்குத்தானே, தாராளமா எடுத்துக்க. ஒருநாள் என்னை அந்த ஆஸ்டின்ல கும்பகோணம் கூட்டிட்டுப் போ."

இருவரும் சிரித்தார்கள். வேலிக்கு வெளியே நின்றிருந்த காளியம்மாளின் மகன் அன்பரசன் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டான்.

"நாலு தகர டப்பாவுக்கு மாளிகை, பொறந்த தெருவுக்கு மதிலு. நல்லா இருங்க மாமா" என்று காறித் துப்பிவிட்டுப் போனான். அன்றோடு தெருவில் ஒருவரும் நெடுமாறனிடம் பேசுவதில்லை. அவருடைய ஊழியர்களுக்குக்கூட டீக்கடையில் மரியாதை குறைந்தது.

கார் ஷெட் முடிந்தபோது கார்த்திகை அடைமழை. வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகளைச் சரிபார்க்க வந்திருந்த பிரின்ஸி காதில் பறைச் சத்தம் விழுந்தது.

மருதையன் போய்விட்டார்.

மழையில் பாடை நேராக கார் ஷெட் முன்னால் வந்து நின்றது. தெருமுனையோடு நின்றுவிட வேண்டிய காளியம்மாளும் கூடவே வந்திருந்தாள். அன்பரசன் கையில் கடப்பாரை.

"வழி விடறீங்களா, மதிலை இடிக்கட்டுமா?"

பறை நின்றுவிட்டது.  பிரின்ஸி போனை எடுத்தாள், போலீசைக் கூப்பிடலாமா என்று நெடுமாறனைப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, மழையில் இறங்கிப் போய் முன் ஷட்டரைத் தூக்கினார்.

இரண்டு ஓரமும் வரிசையாக கார்கள். நடுவில் ஒரு துரும்புகூட இல்லாத அகலமான வழி. அதன் கடைசியில் பின் ஷட்டர் ஏற்கெனவே திறந்திருந்தது. அதற்கப்பால் வாய்க்கால் மேல் புதுப் பாலம், பாலத்தைத் தாண்டினால் சுடுகாட்டுக் கொட்டகை.

 பாடை தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் இடிபடாமல் நடக்கிற அகலம் அது என்பது, வரைந்த பிரின்ஸிக்கே அப்போதுதான் உறைத்தது.

"மாமாவைக் கொண்டாங்க. நனையப் போறாரு" என்றார் நெடுமாறன்.

காளியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்பரசன் கடப்பாரையை மதில் ஓரம் சாய்த்துவைத்தான்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா. ஊரே உங்களைத் திட்டித் தீர்த்துச்சு."

நெடுமாறன் குனிந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா பாலம் வந்திருக்காது மாப்ள. அந்தத் துண்டு எடத்தை நம்ம மனுஷங்களுக்காக எங்கப்பா காலத்துலேர்ந்து கேட்டோம், தரல. காருக்குன்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே தந்துட்டாரு."