பத்து லிட்டர் சாராயம்

"அந்தத் திருட்டுப்பய இந்தப் பம்பைத் தொட்டான்னா ஸ்பேனராலேயே போடுவேன்" என்றாள் டென்கா அக்கா.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு வெலிச்கோ, உதவிக்கு வரட்டுமா என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில். அப்படியும் அவன் நகரவில்லை. நான்தான், "விடுங்க அக்கா, நமக்கு வேலை கெடக்கு" என்றேன்.

தலைக்கு மேல் கிடந்தது வேலை. மூன்று நாள் மழை கொட்டிவிட்டு வெயில் அடித்ததில், திராட்சை இலையெல்லாம் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் பொட்டு. நாளைக்குள் மருந்து அடிக்காவிட்டால் பூஞ்சை பூங்கொத்துக்கு ஏறிவிடும். அந்தத் தோட்டத்தை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மருந்தடிக்கிற பம்போ மக்கர். டிராக்டரில் மாட்டி ஓட்டினால் தண்டு சுற்றுகிறது, அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

அது ஏன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நவம்பர் கடைசியில் பீச் மரங்களுக்கு மருந்து அடித்துவிட்டு டிராக்டரிலிருந்து இறங்கும்போது அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அப்படியே ஆம்புலன்ஸில் ப்ளோவ்டிவ் நகர ஆஸ்பத்திரி. பம்ப் வயிற்றில் தண்ணீரோடு முற்றத்திலேயே நின்றது. ஜனவரியில் வந்ததே ஒரு குளிர், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. அந்தக் குளிரில் தண்ணீர் உள்ளே இருந்தால் எந்தப் பம்பும் பிளந்துவிடும். அதனால்தான் குளிர் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்றே, பம்ப் உறையாமலிருக்க ஊற்றுகிற மருந்து கடையில் ஒரே நாளில் தீர்ந்துபோனது.

குளிர் இறங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வெலிச்கோ தன் புத்தியைக் காட்டினான். சர்ச்சுக்குப் போன நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அக்கா வீட்டு நிலவறையிலிருந்து பத்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். அவள் கையால் காய்ச்சிய திராட்சைச் சாராயம். அதோடு விட்டானா? அவள் டிராக்டரைக் கிளப்பி, முற்றத்தில் கால் மணி நேரம் உறும விட்டான். குடிகாரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன, திங்கட்கிழமை என்ன.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னவன் நான்தான். யாராவது சொல்லத்தானே வேண்டும்?

ஊர் திரும்பியதும் கடை வாசலில் வைத்தே அவனைக் கேட்டாள். "அக்கா, உன் பம்பு..." என்று ஆரம்பித்தான்.

"பேச்சை மாத்தாதே. எடுத்தியா, இல்லையா?"

"எடுத்தேன்."

"பத்து லிட்டரையுமா?"

"பத்தையும்தான்."

அவனுக்கும் ரோஷம் உண்டு. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. ஊரும் அவனோடு பேசவில்லை.

"பிளந்திருந்தா பிளந்திருக்கட்டும். எங்கேன்னு பாத்துப் பத்த வெச்சுக்கறேன்" என்று இப்போது அக்கா ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

முதலில் பம்பின் எண்ணெய்க் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் தண்ணீர் கலந்து எண்ணெய் பால் போல வெளுத்திருக்கும். இது பளிச்சென்று தெளிவாக இருந்தது. பம்பின் தலையை விரலால் சுற்றித் தடவினாள். ஒரு கீறல் இல்லை.

"அதிர்ஷ்டம்" என்றேன்.

"என் வீட்டுக்கா? வழி தெரியாம வந்திருக்கும்."

ஃபில்டரைக் கழற்றினாள். நீலநிறத்தில் மருந்து அடை அடையாகக் கட்டியிருந்தது. தேய்த்துக் கழுவி மாட்டி ஓட்டினோம். முள் அசையவில்லை. உறிஞ்சுகிற குழாயை ஊதிப் பார்த்தாள், ஓட்டை இல்லை. "அப்ப வால்வுதான். திறந்தபடியே ஒட்டிக்கிச்சு" என்று கழற்ற உட்கார்ந்தாள். போல்ட் துருவேறிக் கிடந்தது. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, உடைந்து கூடிய இடுப்பை வைத்துக்கொண்டு முழு உடம்பாலும் அழுத்தினாள். நான் செய்கிறேன் என்றால் கேட்டால்தானே. நாலாவது அழுத்தில் அசைந்து கொடுத்தது.

உள்ளே இருந்தது அவள் கையெல்லாம் கொட்டியது. அக்கா விரலை மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும் முகர்ந்தாள்.

சோம்பு வாசனை. தள்ளி நின்ற எனக்கே அடித்தது. எங்கள் ஊரில் சோம்பு போட்டுச் சாராயம் காய்ச்சுகிறவள் அவள் ஒருத்திதான்.

"வெலிச்கோ" என்று கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு டிராக்டரை எதுக்குடா ஓட்டினே?"

"ஓட்டாம பம்புக்குள்ள எப்படி அக்கா போகும்? தண்ணியை வடிச்சிட்டு, தொட்டியில ஊத்தி, சுத்த விட்டேன்."

"எல்லாரும் ஊத்தற மருந்தை ஊத்தக் கூடாதா?"

"கடைக்குப் போனேன். ஒரு டப்பா கூட இல்ல. என் வீட்டுச் சாராயம் வெறும் தண்ணி, அது உறைஞ்சிடும். உன்னதுதான் காட்டம்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்ல விட்டியா?"

அக்கா கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு ஸ்பேனரை வேலிக்கு மேலே நீட்டினாள். "வா. மிச்ச போல்ட்டை நீ கழட்டு."

மதியத்துக்குள் வால்வைத் தேய்த்துக் கழுவி மாட்டிவிட்டார்கள். முள் ஏறி ஆடாமல் நின்றது. அக்கா டிராக்டரில் ஏறித் தோட்டத்துக்குப் போனாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரியில் அந்தக் கடையில் கடைசியாக இருந்த இரண்டு டப்பா மருந்தையும் வாங்கி வந்தவன் நான். என் பம்புக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. இன்னொன்று கொட்டகையில், இன்னும் மூடி திறக்காமல் இருக்கிறது.