முழு ஒரு நிமிஷம்

முப்பத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோம்பேறித்தனமெல்லாம் என்னிடம் கிடையாது. நாடி என்றால் முழு ஒரு நிமிஷம்.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே நோயாளி என் வீட்டுக்காரர். லாரி ஓட்டிய உடம்பு, தலைவலி காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவரில்லை. இருந்தாலும் தினமும் காலை ஏழு மணிக்குப் போர்வைக்குள் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துவிடுவேன். எப்போதும் எழுபத்திரண்டு.

"எமனே வந்தாலும் நாடி பாத்துட்டுத்தான் விடுவே நீ" என்று சிரிப்பார்.

இந்தக் குளிர்கால விடுமுறைக்குப் பிள்ளைகள் வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இன்று காலை பல் கிட்டுகிற குளிர். பக்கத்துக் கட்டிலில் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தது. கையைத் தேடிப் பிடித்தேன். சில்லென்று இருந்தது, ஆனால் நாடி சீராக ஓடியது.

நாற்பத்தெட்டு எண்ணும்போது வாசல் பூட்டு திறந்தது. பால் பாக்கெட்டோடு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரது?"

நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசாம இருங்க. இன்னும் பதினஞ்சு செகண்ட் இருக்கு."